ஒரு வரிசை ஆழம்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் லாரி வரவில்லை. ஷாம்பு இல்லை, பற்பசை இல்லை, பாத்திரம் கழுவும் சோப்பு நேற்றோடு தீர்ந்தது. குடோனுக்குப் போன் செய்தால் "வரும் மேடம், வரும்" என்கிறார்கள். சரக்கு தரும் கம்பெனிகளுக்குத் தலைமை அலுவலகம் நான்கு மாதமாகப் பணம் கட்டவில்லை. இது எங்கள் கடையில் தரை துடைக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். பங்குச் சந்தைக்கு மட்டும் தெரியாது.

காலை முழுதும் ஃபேசிங். அதாவது, இருக்கிற சரக்கையெல்லாம் அலமாரியின் விளிம்புக்கு இழுத்து, பெயர் வெளியே தெரியும்படி நிறுத்துவது. முன்னால் ஒரு வரிசை நிற்கும், பின்னால் வெறும் பலகை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கடை நிரம்பி வழிகிற மாதிரி இருக்கும். பதினாறு வருஷமாக இதைச் செய்கிறேன். சட்டையில் ஃப்ளோர் சூப்பர்வைசர் என்று அட்டை குத்தியிருக்கிறது. என் கை பட்டால் மூன்று டப்பா முப்பது டப்பா மாதிரி தெரியும். இதில் எனக்குப் பெருமைதான், எதற்கு மறைக்க வேண்டும்?

பிப்ரவரி 6, வியாழன்

காலை டிபனோடு அண்ணனின் பிரசங்கம். விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து ஹாலில் போனும் கையுமாக உட்கார்ந்து பங்கு வாங்குகிறார், விற்கிறார். மூன்று தடவை லாபம் பார்த்திருக்கிறார். அந்த மூன்றையும் முந்நூறு தடவை சொல்லியிருக்கிறார். நஷ்டம் வந்ததாக இதுவரை ஒரு தகவலும் இல்லை.

இன்றைய பாடம், சில்லறை வணிகக் கம்பெனிகளில் எப்படி முதலீடு செய்வது. "கம்பெனிக்காரன் கணக்க எப்படி வேணா எழுதுவான். நான் அதெல்லாம் படிக்கறதே இல்ல. நேரா கடைக்குப் போவேன். அலமாரியப் பாப்பேன். அலமாரி பொய் சொல்லாது."

எனக்குப் புரையேறியது. அண்ணி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

எங்கள் கம்பெனியைப் பற்றித்தான் பேசுகிறார். அதே கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்க்கிற தங்கை எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. போன வருஷம் நானாக ஏதோ சொல்லப் போனபோது, "நீ டப்பா அடுக்கறவ, இது வேற விஷயம்" என்று சொன்னவர்தானே.

இந்த வீட்டில் பாதி என்னுடையது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணன் வராண்டாவில் வைத்து ஒரு காகிதத்தை நீட்டினார். "ஒரு கையெழுத்து போடும்மா, பில் கட்டணும்." மறுபக்கம் திருப்பிப் பார்க்காமல் போட்டேன். என் பாதி அந்த மறுபக்கத்தில் போயிற்று. அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. என் புருஷன் விட்டுப் போன பிறகு எனக்குப் போக்கிடம் இல்லாமல், பதினோரு வருஷமாக மாடி அறையில் இருக்கிறேன். அதை "தங்கச்சிய வச்சு காப்பாத்தறேன்" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

குளித்துக்கொண்டிருக்கும்போதே ஹீட்டரை அணைத்துவிட்டார். கரண்ட் பில்லாம்.

பிப்ரவரி 12, புதன்

வட்டார மேலாளர் வந்தார். அவர் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பே அவருடைய சென்ட் வந்துவிடும், அதனால் கடையில் அவருக்கு 'வாசனை' என்று பெயர். இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை பெரிய முதலீட்டாளர்கள் கடையைப் பார்க்க வருகிறார்களாம். அன்றைக்கு ஓர் அலமாரியிலும் பலகை தெரியக் கூடாது. சுற்றிலும் உள்ள நான்கு கிளைகளின் சரக்கு வெள்ளிக்கிழமை இங்கே வரும், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும்.

"அதுவும் பத்தாதே சார்" என்றேன்.

"அதுக்குத்தான் உங்கள வச்சிருக்கோம்" என்று சிரித்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

அண்ணன் இன்று அதிசயமாக என்னிடமே கேட்டார், கடையில் சரக்கெல்லாம் எப்படி என்று. மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாக. ஆனால் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான்.

"நான் டப்பா அடுக்கறவ, எனக்கென்ன தெரியும். நீங்களே வந்து பாருங்களேண்ணா. இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை வாங்க" என்றேன்.

தேதியைச் சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. படியேறி வரும்போது சிரிப்பு வந்தது. வரட்டும். வாங்கட்டும். அவர் பணம், அவர் கண்ணு. எனக்கென்ன.

பிப்ரவரி 22, சனி

கால் வீங்கிவிட்டது. ஆனாலும் எழுதாமல் தூங்க முடியாது.

நேற்றிலிருந்து அடுக்கினோம். முன்னால் ஒரு வரிசை சரக்கு, அது பின்பக்கம் சாயாமல் இருக்க உள்ளே காலி அட்டைப்பெட்டிகள். முதலீட்டாளர்கள் ஐந்து பேர், நல்ல ஷூ. நடைபாதை நடுவில் நின்று பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், தலையாட்டினார்கள். ஒருவர்கூட ஒரு பொருளைத் தொடவில்லை. வாங்க வருகிறவர்கள்தான் தொடுவார்கள், கம்பெனியை வாங்க வருகிறவர்கள் தொட மாட்டார்கள் போலிருக்கிறது.

அவர்கள் போன அரை மணி நேரத்தில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் கையில் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு வரிசையையும் காலடியால் அளந்தார். பத்தடி தள்ளி நின்றுதான் பார்த்தார். நிபுணர் அல்லவா.

தொட்டது அண்ணி மட்டும்தான். பிஸ்கட் வரிசையில் நீல மூடி போட்ட தகர டப்பா ஒன்று அவளுக்குப் பிடித்துவிட்டது. கையை நீட்டி அதைப் பிடித்தும்விட்டாள். அதை எடுத்தால் பின்னால் காலிப் பெட்டி தெரியும், அண்ணன் இரண்டடி தூரத்தில் நிற்கிறார். நான் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அது வேணாம் அண்ணி. ரொம்ப நாளா வெளிச்சத்துல இருக்கு. உங்களுக்கு உள்ளேர்ந்து புதுசா எடுத்துட்டு வரேன்."

உள்ளே ஏது? வாசல் கண்ணாடியில் அழகுக்கு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, என் கைக்காசில் பில் போட்டுக் கொடுத்தேன். அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கண் கலங்கியிருந்தது. "இத்தன வருஷத்துல நீ எனக்குன்னு குடுத்த முதல் சாமான்" என்றாள்.

அண்ணன் நோட்டை மூடினார். "நான் சொன்னேன்ல" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

சரக்கு திரும்பிப் போயிற்று. என் வரிசைகள் வாய் பிளந்து நிற்கின்றன. அண்ணி டப்பாவைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். "நாத்தனார் எனக்குன்னு உள்ளேர்ந்து எடுத்துட்டு வந்து குடுத்தா."

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆறு வருஷமாக எங்களுக்கு போனஸுக்குப் பதில் கம்பெனிப் பங்குதான். என் பெயரில் ஆயிரத்து நானூறு இருக்கிறது. நினைத்தபோது விற்க முடியாது, காலாண்டு முடிவு வந்த பிறகு இரண்டு வாரம் மட்டும் அனுமதி. மார்ச் மூன்றாம் தேதி திறக்கிறது. எல்லாக் கிளை மேலாளர்களும் படிவம் நிரப்பிவிட்டார்களாம். வாசனைதான் முதல் ஆள். நானும் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை மறுபக்கத்தைப் படித்துவிட்டு.

பிப்ரவரி 28, வெள்ளி

அது அவர் பணம் இல்லை.

இன்று சாயங்காலம் அண்ணி மாடிக்கு வந்தாள். என் அறைக்கு அவள் வருவதே இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், விரலில் இன்னும் தையல் உறை. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துப் பதினெட்டு வருஷம் சேர்த்த பணம். தெருமுனையில் வாட்ச் ரிப்பேர் கடை இருந்த அறை காலியாகிறது. அதை எடுத்து நாலு மெஷின் போட வேண்டும், வாசல் கதவோரம் உட்கார்ந்து தைத்தது போதும் என்று அவளுக்கு. மே பதினைந்துக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைத்தான் அண்ணன் கேட்கிறார். இரண்டு மாதத்தில் ஒன்றரை மடங்காக்கித் தருகிறாராம், அட்வான்ஸ் போக மெஷினுக்கும் வருமாம்.

"அவர் சொல்றத நான் நம்பல. நீ அங்கயே இருக்க. நீ சொல்லு. போடலாமா?"

இப்படி நேராகக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. இல்லையென்று சொன்னால் 'அப்புறம் எதுக்கு எங்கள வரச் சொன்ன' என்று கேட்பாள். அண்ணன் கேட்பார். நான் விற்கப் போவதும் தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வந்தது. அன்று இவள் நின்ற இடம், பச்சைச் சுவரில் சாய்ந்து, கீழே பார்த்துக்கொண்டு.

"கடையத்தான் நீங்களே கண்ணால பாத்தீங்களே அண்ணி" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. எழுந்து போகும்போது என் தலையணையைச் சரி செய்து வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணன் புதன்கிழமைதான் வாங்கப் போகிறாராம், இன்னும் நாலு நாள் இருக்கிறது. நாளைக்குச் சொல்லிவிடலாம்.

மார்ச் 2, ஞாயிறு

சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

என் பங்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய்க்கு விற்றது. முதலீட்டாளர்கள் எடுத்த படங்கள் நன்றாக வேலை செய்திருக்கின்றன. மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு என் போனில் செய்தி வந்தது. வீட்டுக்கு வந்தால் அண்ணனும் அதே நாள், அதே மதியம், அண்ணியின் பணத்தில் வாங்கியிருக்கிறார். நூற்றுப் பதினெட்டு.

சந்தையில் யார் விற்றதை யார் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் — என்னுடையதாகவே இருக்கலாமோ? என் ஆயிரத்து நானூறு மாடியிலிருந்து இறங்கிக் கீழே போயிருக்குமோ? எழுதிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வருகிறது. அதுதான் ஆச்சரியம்.

மார்ச் 7, வெள்ளி

நூற்று இருபத்து நான்கு. அண்ணன் கேக் வாங்கி வந்தார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஐம்பத்தாறு. அண்ணன் ஹாலில் நடந்துகொண்டே இருக்கிறார். "விழும்போதுதான் வாங்கணும்" என்கிறார். மீதியிருந்த தன் ஓய்வுப் பணத்தையும் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அண்ணி என்னைப் பார்த்து, "நீ இருக்கற கடை, ஒண்ணும் ஆகாது இல்ல?" என்றாள். லாரி நாளைக்கு வரும் என்று பொய் சொன்னேன். எதற்குச் சொன்னேன்? இப்போது உண்மை சொன்னாலும் பாதியாவது மிஞ்சும். ஐம்பத்தாறுக்கு விற்றாலும் அட்வான்ஸில் பாதி.

சொல்லுடி. எறங்கிப் போய் சொல்லு.

கதவைத் தாழ் போட்டுவிட்டேன்.

மே 9, வெள்ளி

கடையில் காலையிலேயே கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி மூடப்படுகிறது. பங்கு வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள், கடைசி விலை மூன்று. வாசனை வரவில்லை, சென்ட்கூட வரவில்லை. பெண்கள் அழுதார்கள். நான் அழவில்லை, எனக்கு அழ என்ன இருக்கிறது?

வீட்டில் அண்ணன் நாற்காலியில் போனை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எகிறினார். "உனக்குத் தெரியாதா? பதினாறு வருஷம் அங்க என்ன கிழிச்ச?" என்றார்.

"நான் டப்பா அடுக்கறவண்ணா" என்றேன்.

எத்தனை நாள் வைத்திருந்த வார்த்தை. சொன்னதும் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். அண்ணன் அப்படியே சுருங்கிப் போனார், ஒரு நிமிஷம் இனித்தது உண்மைதான். அப்புறம் வாசலில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணி நிறுத்தவே இல்லை. குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். அவளைத் தாண்டித்தான் மாடிப்படிக்குப் போக வேண்டும். போனேன்.

மே 15, வியாழன்

வாட்ச் கடை அறையில் போன் கவர் விற்கிறவர்கள் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

மே 19, திங்கள்

இருக்கிற சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பத்து நாள் கழிவு விற்பனை. நாலு கிளையின் மிச்சமும் இங்கேயே வருகிறது. அதற்குத் தினக்கூலி ஆட்கள் எடுத்தார்கள். வரிசையில் நின்ற எட்டாவது ஆள் அண்ணி. பள்ளி லீவு, தையல் இல்லை, வீட்டில் அரிசிக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது என்றாள். என்னிடம் சொல்லிவிட்டு வரவில்லை. என் பிரிவுக்கே போட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவை சம்பளத்துக்கு வெளியே வந்திருக்கிறாள், என் அட்டை போலவே ஒரு சின்ன அட்டை குத்திக்கொண்டு.

மே 22, வியாழன்

இரண்டு நாள் அவளுக்கு மூட்டை பிரிக்கிற வேலை. இன்றுதான் அலமாரிக்கு வந்தாள். காலையில் நானே சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இருக்கிறதை விளிம்புக்கு இழுங்கள், பெயர் முன்னால் தெரியட்டும், பின்னால் காலியாக இருந்தால் பரவாயில்லை. தையல்காரிக் கை, வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் சோப்பு வரிசை முடிந்தது. பிஸ்கட் வரிசைக்குப் போனாள்.

நான் பில் போடும் இடத்தில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணி அசையாமல் நின்றிருந்தாள். நீல மூடி டப்பா ஒன்று அவள் இடது கையில். வலது கையை அது இருந்த இடத்துக்குள் தோள்வரை விட்டிருந்தாள். உள்ளே துழாவினாள். ஒரு காலி அட்டைப்பெட்டியை வெளியே இழுத்தாள். பிப்ரவரியில் நான் வைத்தது, எடுக்க மறந்தது.

பக்கத்தில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"நாங்க வந்தப்பவும் இப்படித்தானா?"

அண்ணி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தன் வலது மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள். நான் பிடித்த அதே இடம்.

"அன்னிக்கு என் கையப் பிடிச்சியே" என்றாள்.

யாரோ வந்து விலை கேட்டார்கள். அண்ணிதான் பதில் சொன்னாள். சாயங்காலம்வரை அடுக்கினாள், ஒரு வரிசைகூடக் கோணவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். தெருமுனையில் போன் கவர் கடையின் முன்னால் நின்றாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா உன்னை வெளிய அனுப்பிடுவார். நீ போகக் கூடாது. என் கண்ணு முன்னாலயே இருக்கணும்" என்றாள். கத்தவில்லை. துணிக்கு அளவு சொல்கிற குரல்.

மே 23, வெள்ளி

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி வாக்குக் கொடுத்தபடியே அவரிடம் சொல்லவில்லை. எனக்குக் குளிக்க வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.

ஜூன் 2, திங்கள்

வேலை முடிந்தது, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வங்கியிலிருந்து பங்கு விற்ற பணம் முழுவதையும் எடுத்து, கவரில் போட்டு மெஷின் மேல் வைத்தேன். என்னவென்று சொன்னேன். அண்ணி நூல் கோத்துக்கொண்டிருந்தாள், முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வித்துட்டியா? எப்ப?"

சொன்னேன். தேதி, விலை, எல்லாம்.

சிரித்தாள். நல்ல சிரிப்புதான், அதுதான் தாங்க முடியவில்லை. "அப்போ இது என் பணமாவே இருக்கலாம்" என்றாள். கவரை என் பக்கம் தள்ளினாள். "வேணாம். வாங்கிட்டா நீ நிம்மதியாயிடுவ. அந்த ஆஸ்பத்திரில நானும் வாய மூடிட்டுதான் நின்னேன். அதுக்குப் பதினோரு வருஷம் உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து சோறு போட்டிருக்கேன். இப்ப உன் முறை."

எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். மறுபடியும் வைத்தேன், சாயங்காலம் என் கதவடியில் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

பணம் இருக்கிறது. வேறு ஊரில் அறை எடுக்கலாம், நாற்பத்து நாலு வயதுக்கு ஏதாவது வேலையும் கிடைக்கும். பையை எடுத்து வைத்தேன். கீழே இறங்கினால் வாசல் கதவோரம் அவள் மெஷின். அவளைத் தாண்டாமல் வெளியே போக வழி கிடையாது. அவள் பையைப் பார்த்தாள், காலை மிதிக்கட்டையிலிருந்து எடுத்து எனக்கு வழி விட்டாள்.

பையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஜூலை 13, ஞாயிறு

பள்ளி திறந்துவிட்டதால் தையல் நிறைய. சட்டைக்குப் பட்டன் வைக்கிறது என் வேலை. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அண்ணன் போனைப் பேரன் வயசுப் பிள்ளைகள் மாதிரி விளையாட்டுக்குத்தான் வைத்திருக்கிறார். பங்கைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் கண்டால் எழுந்து உள்ளே போகிறார்.

காலையில் ஓர் அம்மா மகளுக்கு அளவு கொடுக்க வந்தார். பட்டன், நூல் எல்லாம் அந்த நீல மூடி டப்பாவில்தான் இருக்கிறது. டப்பா அழகா இருக்கே என்றார். அண்ணி மெஷினை நிறுத்தினாள். யார் வந்தாலும் இதற்கு மட்டும் நிறுத்துவாள். இது பதினோராவது தடவை, எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"இவ என் நாத்தனார். பெரிய கடைல இருந்தா. நான் வேற ஒண்ண எடுக்கப் போனேன். அது வேணாம் அண்ணின்னு எனக்குன்னு உள்ளேர்ந்து புதுசா எடுத்துட்டு வந்து குடுத்தா. இல்லம்மா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்பாள். நான் பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஆமா அண்ணி" என்றேன்.

இப்படி ஒரு நாத்தனார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் என்றார் வந்தவர்.

"ஆமா. அன்னிக்கு என் கையப் பிடிச்சு நிறுத்திட்டா" என்றாள் அண்ணி. டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் ஒரு பட்டனை எடுத்தேன்.